சாமி படத்துக்குப் பக்கத்தில் ரெகுலேட்டர்

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த வருஷம்தான் என் மாமனாருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். மாமாவுக்குச் சோறு ஊட்டுவதிலிருந்து விசிறுவது வரை எல்லாம் என் பாடு. இடுப்பில் பால்குடிப் பிள்ளை வேறு. பிள்ளை தூங்கினால் மாமா விழித்திருப்பார். மாமா கண்ணயர்ந்தால் பிள்ளை எழுந்துகொள்ளும். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வரும். அந்த நாட்களில் நான் அம்பாளிடம் நகை நட்டு எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு பொழுது யாரும் என்னைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும், நான் தூங்க வேண்டும். அதைத்தான் கேட்டேன்.

கரண்ட் வந்ததும் ஒரு மின்விசிறி வாங்கிவிடலாம் என்று என் வீட்டுக்காரரே சொன்னார். கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ரத வீதியில் இருந்த கடைக்குள் நுழைந்தோம். விசிறி எல்லாம் ஒன்றுதான், அதை ஓட்டுகிற சாமானில்தான் வித்தியாசம் என்றார் கடைக்காரர். ஒன்று, கறுப்பாக, வட்டமாக, நடுவில் பித்தளைக் குமிழ் வைத்த ரெகுலேட்டர். திருகினால் ஐந்து வேகத்தில் ஓடும். இன்னொன்று வெறும் கயிறு சுவிட்ச். இழுத்தால் ஓடும், மறுபடி இழுத்தால் நிற்கும்.

கயிறே போதும் என்று நான் சொன்னேன். மாமாவுக்கு இடது கை நன்றாக வரும். கயிற்றின் நுனியைக் கட்டிலில் கட்டிவிட்டால் வேண்டும்போது அவரே இழுத்துக்கொள்வார், யாரையும் கூப்பிட வேண்டாம். இதைவிட விளக்கமாக என்னால் சொல்ல முடியாது. கடைக்காரர் சிரித்தார்.

"அது குடோன்ல மாட்டுத சாமான் தங்கச்சி. ஆபீஸர் வீட்டுக்கு அஞ்சு ஸ்பீடு உள்ளதுதான் லட்சணம்."

குமாஸ்தாவை ஆபீஸர் என்றால் என்ன ஆகும்? என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ரெகுலேட்டரைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அதை எங்கே மாட்டினார்கள் என்பதுதான் பெரிய கூத்து. வீட்டுக்கு முதன்முதலில் கம்பி இழுத்தபோது, முதல் பல்பு சாமிக்குத்தான் எரிய வேண்டும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதனால் பட்டாசாலையில், அதாவது முன்பக்கத்து நீளக் கூடத்தில், ஒரு கோடியில் சாமி படங்கள் இருக்கும் மாடத்துக்குப் பக்கத்தில்தான் சுவிட்ச் பலகை இருந்தது. ரெகுலேட்டரையும் அதிலேயே பொருத்திவிட்டான் வயர்மேன். மாமாவின் கட்டில் இந்தக் கோடியில், அது அந்தக் கோடியில். சாமி மாடத்தை ஒட்டி இருக்கிறதே, சும்மா போய்த் தொட முடியுமா? குளிக்காமல் தொடக் கூடாது. பிள்ளை என்மேல் ஈரம் பண்ணிவிட்டால் புடவை மாற்றாமல் தொடக் கூடாது. என் பிள்ளை எப்போதும் ஈரம் பண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

வாதம் வந்த உடம்புக்குச் சூடு, குளிர் தெரியாது என்பார்கள். மாமாவுக்கு இரண்டும் ரொம்பவே தெரிந்தது. காற்று கூடினால் விழுந்த பக்கம் விறைக்கும். குறைந்தால் முதுகு வேர்த்துத் துப்பட்டி நனைந்துவிடும். "ஏட்டி, ஒண்ணு கொறச்சு வையி" என்பார். குறைத்துவிட்டு வந்து பிள்ளையை மடியில் போடுவதற்குள் கூட்டச் சொல்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து வேகம் இருக்கிறது, அவர் எதைத்தான் கேட்பார்? பனையோலை விசிறி கையில் இருந்தபோதாவது நான் உட்கார்ந்திருந்தேன். விசிறி மாட்டிய பிறகு நடந்துகொண்டே இருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கயிற்றைப் பற்றி மறுபடி சொன்னேன். ஐந்து ஸ்பீடு உள்ளதை வைத்துக்கொண்டு எவனாவது கயிறு மாட்டுவானா என்றார். 

ஆடி பிறந்தது. மேற்கிலிருந்து புழுதிக் காற்று ஜன்னலை அறைந்தது. திறந்தால் மாமாவுக்கு இருமல், அடைத்தால் புழுக்கம். நான் கட்டிலுக்கும் மாடத்துக்கும் நடந்த நடையில் கோவிலையே நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றியிருக்கலாம்.

கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள் வாசுதேவநல்லூரிலிருந்து மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, வந்து இறங்கினாள். அன்று சாயங்காலமே நான் வீட்டுக்குத் தூரமானேன். பிள்ளை பிறந்ததிலிருந்து வராமல் இருந்தது, தபசுக்கு என்று பார்த்து வந்தது. பின்கட்டு அறையில் பாயை விரித்துப் பிள்ளையோடு ஒதுங்கினேன். ஊரே அம்பாளைச் சுற்றிக் கும்பிடப் போகிற நாளில் என்னால் போக முடியவில்லையே என்று மதினி வருத்தப்பட்டாள். அம்பாள் மன்னிக்கட்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று நாள் அந்தக் குமிழை நான் தொடக் கூடாது. தொடு என்று யாரும் சொல்லவும் முடியாது.

மதினிக்கு அடுப்படியில் வேலை சரியாக இருந்தது. தபசுக்கு லீவு, மறுநாள் ஞாயிறு. எங்கள் ஆபீஸர் வீட்டில்தான் இருந்தார். பின்கட்டில் படுத்துக்கொண்டு கேட்டேன். மாமா "ஏலே" என்று கூப்பிடுவார். நாற்காலி நகரும். பட்டாசாலையின் நீளத்துக்கு என் வீட்டுக்காரரின் காலடி போகும், வரும். உட்காருவதற்குள் அடுத்த "ஏலே". முதல் நாள் உச்சியில் "இந்தா வாரேன்" என்று பணிவாக இருந்த குரல், பொழுது சாய்வதற்குள் "என்னய்யா, இப்பந்தான கொறச்சேன்" என்று ஆகிவிட்டது. மறுநாள் மத்தியானம் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. வயர்மேன் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனை எங்கே பிடித்தாரோ, தெரியாது.

திங்கட்கிழமை காலையில் தலைக்குக் குளித்து நான் உள்ளே வந்தபோது மாமாவின் கட்டிலுக்கு மேலே கயிறு தொங்கியது. நுனியைக் கட்டில் சட்டத்தில் கட்டியிருந்தார்கள். ரெகுலேட்டர் நடு வேகத்தில் அப்படியே கிடந்தது. என் வீட்டுக்காரர் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டே, தானே யோசித்துச் செய்த ஏற்பாடு இது என்று மதினிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இதைத்தானே நான் கடையிலேயே சொன்னேன் என்று கேட்டேன்.

"நீ சொன்னப்ப இவ்வளவு செரமம்னு எனக்குத் தெரியலயே" என்றார். சத்தியமாக அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

மத்தியானம் மதினியும் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். மாமாவுக்குச் சோறு ஊட்டி வாயைத் துடைத்துவிட்டேன். அவர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இத்தன மாசமா நடந்த," என்றார். "அவன் ரெண்டு நாளுதான் நடந்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கம் என்று சொல்ல மாட்டேன், அலுப்புதான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு மேற்கே சாரல் விழுந்து காற்று குளிர்ந்திருந்தது. மாமாவுக்கு விசிறியே வேண்டியதில்லை, நிறுத்தித்தான் வைத்திருந்தார். அவர் இடது கையால் துப்பட்டியைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு அதே கையை நீட்டிக் கயிற்றை இழுத்தார். காற்று என் முகத்தில் பட்டது.

"கண்ண மூடிக்கோ ஏட்டி. நான் கூப்பிட மாட்டேன்."

நான் தூங்கிவிட்டேன்.