கலர்த் திரையா, பெரிய குமிழா

அப்பாவுக்கு அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உண்டு. தெருவில் மற்ற அப்பாக்கள் சாயங்காலம் டீக்கடைக்குப் போவார்கள். என் அப்பா பாளையங்கோட்டை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஏரலில் இருக்கும் நண்பரோடு ரேடியோவில் பேசுவார். பஸ் ஏறினால் நேரிலேயே பார்த்துவிடலாம். அது அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. எனக்கோ மேகம் கறுத்தாலே, மாடியில் ரேடியோவுக்குக் கட்டிய கம்பி வழியாக இடி வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயம்.

பழைய செட் புகைந்துபோனது. மேலப்பாளையத்துப் பாய் ஒருவர் துபாயிலிருந்து வரும்போது இரண்டு செட் கொண்டுவந்தார். இரண்டும் ஜப்பான், கம்பெனிதான் வேறு. ஒன்றில் பெரிய கலர்த் திரை, விரலால் தொட்டால் போதும். மற்றதில் திரை தீப்பெட்டி அளவு. திருகுவதற்குப் பெரிய குமிழும் வரிசையாகப் பொத்தான்களும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ரெண்டையும் வச்சுப் பாரும் அண்ணாச்சி. பிடிச்சத எடுத்துக்கிட்டு மத்தத கொடுத்திரும்" என்றார்.

அம்மாவும் நானும் கலர்த் திரைக் கட்சி. ஏரல்காரர் வைத்திருந்ததும் அந்தக் கம்பெனிதான். "டிவி மாதிரி ஒண்ணு இருக்கும்போது அந்த இட்லிச் சட்டியவா எடுக்கப் போறீரு? ஓவர்" என்று ரேடியோவிலேயே கேலி செய்தார். "பாப்பம்வே, ஓவர்" என்பதோடு அப்பா நிறுத்திக்கொண்டார். தப்பான கம்பெனியை எடுத்து, ஏரல்காரர் கோபித்துப் பேச்சை விட்டுவிட்டால் அப்பா அப்புறம் யாரோடு பேசுவார்? எனக்கு அதே கவலை.

வியாழக்கிழமை அப்பா கண்ணாஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். "ஒண்ணுமில்ல, சொட்டு மருந்து கொடுத்திருக்காவ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாடியேறினார். காப்பி கொண்டுபோன அம்மாவின் பின்னாலேயே நானும் போனேன்.

அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு பெரிய குமிழ் செட்டின் முன்னால் இருந்தார். விரல்கள் பொத்தான்களைத் தடவிப் போயின. ஒன்றை அழுத்திக் குமிழைப் பையத் திருப்பினார். கரகரப்புக்குள்ளிருந்து ஏரல்காரர் குரல் வந்தது. அடுத்து, கண்ணைத் திறக்காமலே கலர்த் திரையைத் தடவினார். கண்ணாடியில் விரல் வழுக்கிக்கொண்டே போனது, ஆள் கிடைக்கவில்லை. கரண்டு அடித்துவிட்டதோ என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு காப்பியை வைத்துவிட்டு, "கலர்ப் பெட்டிய பாய்கிட்டக் கொடுத்திருங்க" என்றாள்.

"நீதான அது வேணும்ன?"

"இப்ப இதுதான் பிடிச்சிருக்கு."

இன்றும் அந்தக் குமிழ் செட்தான். மாடியறையில் விளக்கு எரிகிறதா என்பது அப்பாவுக்கு இப்போது தெரியாது. ஏரல்காரரை மட்டும் ஒரே திருப்பில் பிடித்துவிடுவார். "இட்லிச் சட்டியில இட்லி வெந்துட்டாவே?" என்று அவரும் விடாமல் கேட்கிறார்.

அந்த வியாழக்கிழமை முழுக்க நான் அம்மாவோடு பேசவே இல்லை. அவள் கட்சி மாறிவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு கோபம்.