கீழ்க்கயிற்றுக்கு அடியால்

பரந்தனில் நெல்லை மூடுவதற்குப் புதுத் தறப்பாளை விரித்தபோது, வெயிலில் சூடேறிய அதன் மணம், சிறுவயதில், போர் முடிந்தபின் எங்களை அடைத்துவைத்திருந்த வவுனியா முகாமின் முட்கம்பிக்குள் நாங்கள் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்த தறப்பாள் கூடாரத்துக்கு என்னை இழுத்துப்போனது. இன்று அங்கே வெறும் பற்றைக்காடு. எவ்வளவு அடி விழுந்தாலும் எழும்பி வெல்லும் அந்த மல்யுத்த நாயகனின் சிரித்த முகம் நிவாரணமாக வந்த சட்டைகளில்கூட இருந்தது, அறிவிப்பாளர் அவன் பெயரையே ஓயாமல் கத்துவார், நாங்களோ அவனைக் கண்டதும் கேலியாகக் கூக்காட்டுவோம்.

“நல்லவன்தானே, ஏன் பிள்ளையள் கூக்காட்டுறியள்?” என்று அம்மா கேட்டார்.

“அவன் உள்ளுக்கையே நிக்கிறான் அம்மா. மற்றவனைப் பாருங்கோ,” என்றாள் தங்கச்சி.

அடி தாங்காத எதிராளி, மேடையைச் சுற்றிக் கட்டிய கீழ்க்கயிற்றுக்கு அடியால் நழுவி, சனத்துக்கு நடுவே வெளியே நடந்துபோனான். நாங்கள் எழும்பிக் கைதட்டினோம். ஒருவரும் அவனை மறிக்கவில்லை. அம்மாவும் கைதட்டினார்.