அக்காவின் ஊரில் மாற்றிய எண்

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸைத் தூக்கிப் போட்டுவிடுவான் என்பதால் கடையில் அவனுக்கு 'நுணுக்கம்' என்று பட்டப்பெயர். வீட்டில் அவனும் அக்காவும்தான். அட்டைப்பெட்டி ஆலையில் இயந்திரத்துக்குள் சிக்கி அக்காவின் வலக்கை விரல்கள் மடங்காமல் போய் மூன்று வருடம் ஆகிறது.

அன்றிலிருந்து அவள் கணினியில் ஊர் கட்டும் விளையாட்டொன்றில் இறங்கிவிட்டாள். ஆறும் படகுத்துறையும் வேண்டுமென்று, 'ஆமை' என்ற பட்டப்பெயரில் யாரோ செய்து வைத்திருந்த மாட் ஒன்றையும் அதில் சேர்த்திருந்தாள். விளையாட்டோடு வெளியாட்கள் செய்து ஒட்டும் துண்டுக்குத்தான் மாட் என்று பெயர். அதில் பாலம் போட, ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடியே மவுசை இழுக்க வேண்டும். அக்கா வலது முழங்கையால் விசையை அமுக்கிக்கொண்டு இடக்கையால் இழுப்பாள். மேசைமேல் அவள் கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

விசை இல்லாமலே பாலம் போட வழி செய்யச் சொல்லி ஆமைக்கு மூன்று முறை எழுதினான். கிணற்றில் போட்ட கல்தான். மாட்டின் மூலநிரலையும் அந்த ஆள் வெளியிட்டிருக்கவில்லை. இருந்தது கணினிக்கு மட்டும் புரியும்படி கட்டி முடித்த கோப்பு. அதைப் பிரித்துக் காட்டும் மென்பொருளை இறக்கி, கடையின் பின்னறையில் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து படித்தான். எதற்கு எது என்று சொல்லும் பெயர்களெல்லாம் உதிர்ந்து ஒற்றை எழுத்துகளாக நின்றன. ஆறு வாரம் தடவித் தடவி, விசையைக் கேட்கும் வரியைப் பிடித்து நீக்கினான்.

அத்தோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் 64 என்றொரு எண் இருந்தது. அக்காவின் ஆற்றில் படகுகள் நின்று நின்று நகர்வது அதனால்தான் என்று தானாகவே முடிவுகட்டி 128 ஆக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கைப்பயிற்சிக்குப் போயிருந்தபோது மாற்றிய கோப்பைப் போட்டு அவளுடைய ஊரைத் திறந்தான். ஒரே கையால் பாலம் வந்தது. பூரித்துப்போனவன் திரையைக் கவனிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. தெருக்கள் துண்டு துண்டாகக் கிடந்தன, ஆற்றுக்குள் வீடுகள் நின்றன. அந்த எண், ஊரின் வரைபடத்தில் ஒரு வரிசைக்கு எத்தனை கட்டம் என்ற கணக்கு. தெரு போய்ச் சேராத வீடுகளை விளையாட்டு தானே இடித்துத் தள்ளி, அந்தக் கோலத்தையே பழையதன்மேல் சேமித்தும் விட்டது. முன்னதாக ஊரை நகல் எடுத்து வைக்க அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அக்கா வந்து பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஊருக்கே நம்பர் பாத்துக் கண்ணாடி போடுற," என்றாள் கடைசியில். "இந்த நம்பரை என்னன்னு பாக்காமலே மாத்திட்ட."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மாட் எப்படிச் சேமிக்கிறது என்று திரும்பவும் பிரித்துப் படித்தான். ஒன்பது நாளில் கட்டங்களைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தான். கிழக்குக் கரை அப்படியே மீண்டது. மேற்குக் கரையில் இடிந்தது இடிந்ததுதான். வெறும் மண்ணாகக் கிடந்தது. சரியான எண்ணோடு, ஒரே கையில் ஓடும் மாட்டையும் காட்டினான்.

"பழசையே போட்டுடு."

"பாலத்துக்கு மறுபடி முழங்கையால அமுக்கணுமேக்கா."

"எனக்கு அது பழகிப்போச்சுடா. பாக்கறதுக்கு உனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு." குரலை உயர்த்தாமல், "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள்.

விபத்தைப் பற்றி ஆலைக்காரர்களிடம் பேசியது, மருத்துவரை மாற்றியது, சமையலறை அலமாரியைத் தாழ்த்தியது எல்லாம் அவளைக் கேட்காமல் செய்தவைதான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆமையின் பழைய கோப்பையே போட்டுக் கொடுத்தான். அடுத்த நாள் அவள் கணினிக்குக் கடவுச்சொல் வைத்தாள். மேற்குக் கரையில் மறுபடி ஏதாவது கட்டுகிறாளா என்று அவனுக்குத் தெரியாது.