யக்ஸத்கோ? – சம்பந்தியம்மாவோடு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை

இந்தப் பயணத்தின் மொத்தத் தூரம் எழுபது கிலோமீட்டரைத் தாண்டாது. கடவுச்சீட்டு வேண்டாம், குளிராடை வேண்டாம், தடுப்பூசி வேண்டாம். ஆனாலும் எழுதுகிறேன். வெளிநாட்டுச் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றிக் காட்டவேண்டிய பெற்றோர் நம்மில் பெருகி வருகிறார்கள். அவர்களில் ஒருவராவது நான் செய்ததைச் செய்யாமல் இருக்கட்டும்.

கடந்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. என் மகள் யாழினி பின்லாந்தில் வேலை பார்க்கிறாள். அவள் கட்டிக்கொள்ளப் போகும் பையன் மிக்கோ அங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவளோடு அவனும் அவன் அம்மா ரீத்தாவும் பத்து நாள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையை உறவுக்காரர்களிடம் காட்ட அன்று என் மனைவியும் மகளும் அவனை ஈப்போவுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கார் பயணம் நீளம் என்பதால் ரீத்தா போகவில்லை. அவர் என் பொறுப்பு.

ரீத்தாவுக்கு அறுபத்தாறு வயது. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். சென்ற ஆண்டு இதயத்தில் ஒரு வால்வு மாற்றிக்கொண்டார். விமானத்தில் போகலாம், நடக்கலாம், எவ்வளவு என்பதை உங்கள் களைப்பே சொல்லும் என்று மருத்துவர் அனுப்பியிருந்தார். கல்யாணத்தை ஜூனில் கிள்ளானில், கோயில் மண்டபத்தில் வைப்பதாகப் பேச்சு. நம் வழக்கப்படி மூன்று மணி நேரம். ரீத்தாவால் அது முடியாது என்றால், பின்லாந்திலேயே பதிவுத் திருமணம். பதினைந்து பேர், ஒரு கேக். நான் விமானம் ஏறிப் போய் பதினைந்தில் ஒருவனாக நிற்கலாம்.

எனக்குக் கிள்ளான் வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே மகளுக்குத் தெரிந்திருக்கிறது. முந்தின இரவு எச்சரித்தாள்: "அப்பா, இங்கிலீஷ்ல கேட்டா எல்லாத்துக்கும் ஓகேன்னுதான் சொல்வாங்க. பின்னிஷ்ல கேளுங்க. நிஜமா கேளுங்க. உங்களுக்கு வேணுங்கற பதில வாங்கிட்டு வராதீங்க."

ஏழு மாதமாகக் கைப்பேசிச் செயலியில் பின்னிஷ் படித்து வருகிறேன். அந்த மொழியில் தினமும் காதில் விழும் ஒரு வினைச்சொல் உண்டு: யக்ஸா. அகராதி 'இயலுதல்' என்று முடித்துக்கொள்கிறது. அது போதாது. நீந்தத் தெரியுமா என்று கேட்க அவர்களிடம் ஒரு வினை இருக்கிறது. நீந்த அனுமதி உண்டா என்று கேட்க இன்னொன்று. அக்கரை சேரும்வரை உடம்பிலும் மனத்திலும் தெம்பு மிச்சமிருக்கிறதா என்று கேட்கத்தான் யக்ஸா. 'யக்ஸத்கோ' என்றால் உங்களுக்குத் தெம்பிருக்கிறதா. 'யக்ஸன்' என்றால் இருக்கிறது. 'என் யக்ஸ' என்றால் இல்லை; அந்த 'என்' நம்முடையதல்ல, அவர்களுடைய மறுப்பு. செயலி எனக்குக் கற்றுத்தந்த முதல் எடுத்துக்காட்டு, 'இன்று எனக்குக் குப்பை கொட்டத் தெம்பில்லை.' ஒரு நாட்டின் பண்பாட்டுக்குள் நுழைய இதைவிட நேர்மையான வாசல் எனக்குத் தெரியவில்லை.

காலை 9.15க்கு பிரிக்பீல்ட்ஸில் ரீத்தாவின் விடுதிக்குப் போனேன். அவர்கள் நாட்டில் சம்பந்தியானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்திருந்தது. பூக்கடைகள், பாத்திரக்கடைகள், இரண்டு கோயில்கள் என்று இரண்டரை மணி நேரம் நடந்தோம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக் கொதிக்கும் கல்லில் கால் வைத்தபோது கேட்டேன்.

"யக்ஸத்கோ?"

"யக்ஸன்," என்றார், கால் மாற்றிக் கால் நின்றபடி.

மகிழ்ச்சியோடு மனத்தில் குறித்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் யக்ஸன். கிள்ளான் கல்யாணம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

12.10க்கு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. ஒரு இலை பதினான்கு ரிங்கிட். சோறும் மூன்று காய்கறியும் கேட்கும்வரை வரும். பரிமாறியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. எல்லாரும் சரோஜாக்கா என்றார்கள், நானும் சொன்னேன். சாலாக் செலாத்தானிலிருந்து தினமும் வருகிறவராம்.

ரீத்தா கரண்டியால் ஒழுங்காகச் சாப்பிட்டு இலையைத் துடைத்தாற்போல் முடித்தார். சரோஜாக்கா வந்து சோறு போட்டார். ரீத்தா அதையும் முடித்தார். சரோஜாக்கா மறுபடி வந்தார். ரீத்தா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கரண்டியை எடுத்தார்.

"சார், இவங்க நல்லா சாப்பிடுறாங்க லா!" என்றார் சரோஜாக்கா. அவர் முகத்தில் ஒரு தாயின் வெற்றி. "எங்க பிள்ளைங்களே ரெண்டாவது தடவைக்கு இலைய கையால மறைச்சிரும். எந்த ஊரு?"

"பின்லாந்து."

"அங்க சோறு கிடைக்காதா?"

நான் ரீத்தாவின் பக்கம் திரும்பி, "யக்ஸத்கோ?" என்றேன். வாயில் பூசணிக்காயோடு அவர், "யக்ஸன்," என்றார். நெற்றியில் வியர்வை. காரம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

நான்காவது முறை சோறு விழுந்தபோதுதான் சரோஜாக்காவுக்கே சந்தேகம் வந்தது. வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், இலைய மூடணும்னு இவங்களுக்குச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

"மூடலன்னா நான் போட்டுக்கிட்டேதான் இருப்பேன். அது என் வேலை. சொல்றது உங்க வேலை."

சொன்னேன். பாதி பின்னிஷிலும் பாதி கையாலும். ரீத்தா கரண்டியைக் கீழே வைத்தார். அவர் வளர்ந்த வீட்டில், போட்டதை மிச்சம் வைப்பது சமைத்தவரை அவமதிப்பது. எனவே இலை காலியாகும்வரை அவர் சாப்பிட்டார். இலை காலியானால் பரிமாறுவது நம் மரியாதை. எனவே சரோஜாக்கா பரிமாறினார். இரண்டு நாகரிகங்களும் தத்தம் கடமையில் இம்மியும் வழுவவில்லை. குறுக்கே யாரும் பேசாமலிருந்தால் சமையற்கட்டில் அரிசி தீரும்வரை நடந்திருக்கும்.

சரோஜாக்காவே குனிந்து, ரீத்தாவின் கையைப் பிடித்து, இலையைச் சாப்பிட்டவர் பக்கமாக மடித்துக் காட்டினார். பிறகு வெந்நீரில் சீரகம் போட்டு ஒரு குவளை கொண்டுவந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அந்த அம்மையாருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் சம்பந்தியை விடுதியில் ஓய்வெடுக்க விட்டிருப்பான். அவர் சொல்லும் யக்ஸன் எப்படிப்பட்டது என்று சாட்சியோடு தெரிந்தாகிவிட்டது. ஆனால் கோயில் மண்டபத்தை அன்றைக்கே காட்டிவிட்டால், மாலையில் மகளுக்குத் தொலைபேசியில் சொல்ல நல்ல சேதி இருக்கும். "கிள்ளான் போக யக்ஸத்கோ?" என்றேன். பதிலை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

1.40க்குப் பக்கத்திலுள்ள சென்ட்ரல் நிலையத்தில் கொம்யூட்டர் எனும் புறநகர் ரயில். ஒருவருக்கு ஐந்து ரிங்கிட் சொச்சம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். குளிரூட்டி நம் ரயில்களின் வழக்கப்படி சமரசமில்லாமல் வேலை செய்தது. பெட்டியில் எல்லாரும் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள். ரீத்தா மட்டும் கண்ணை மூடிப் புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தார். வந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

கிள்ளான் நிலையத்திலிருந்து, மண்டபத்துக்குப் போகும் புடவைக்கடைத் தெருவுக்குப் பத்து நிமிட நடை. நான் சுற்றி அழைத்துப் போனதில் இருபத்தைந்து நிமிடம் ஆனது. மூன்று மணி வெயில். மண்டபத்துக்கு இன்னும் முந்நூறு மீட்டர் இருக்கும்போது ரீத்தா ஒரு பூக்கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். கேட்காமல் உட்கார்ந்தார்.

கடைக்காரர் மல்லிகை தொடுப்பதை நிறுத்தினார். "பாஸ், அவங்க முகம் வெளுத்துப் போச்சு."

"அவங்க நிறமே அதுதான்."

"இல்ல பாஸ். காலையிலேர்ந்து வெள்ளைப் பூவத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இது வேற வெள்ளை."

அவர் எழுந்து தன் முக்காலியைப் போட்டார், மேசை விசிறியை ரீத்தாவின் பக்கம் திருப்பினார், பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு இளநீர் வரவழைத்தார். பூவெல்லாம் காற்றில்லாமல் வாடும் என்றேன். "பூ நாளைக்கும் வரும், உட்காருங்க," என்றார். கடையில் ஒரே முக்காலி. நான் ரீத்தா விட்ட படியிலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிசைந்துகொண்டேன். எனக்கு ஐம்பத்தொன்பது. காலை ஒன்பதிலிருந்து நானும்தான் நடந்துகொண்டிருக்கிறேன். நம் வீடுகளில் விருந்தாளி முன்னால் வீட்டுக்காரர் களைப்பைச் சொல்வதில்லை. சொன்னால், போய்வாருங்கள் என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதற்குச் சமம். அவர் பக்கம், ஊர் காட்ட வந்தவர் முன்னால் விருந்தாளி சொல்வதில்லை. சொல்லாமலே தாக்குப்பிடிப்பது யார் என்ற போட்டியில் நாள் முழுக்க இரண்டு பேரும் வென்றுகொண்டிருந்தோம்.

"ரீத்தா," என்றேன். "என் யக்ஸ."

எனக்குத் தெம்பில்லை. ஏழு மாதத்தில் அந்த வினைச்சொல்லை எனக்காக நான் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

அவர் திரும்பிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். இளநீர் புரையேறும்வரை சிரித்தார். "எனக்கும்தான்," என்றார் பின்னிஷில். "பத்து மணியிலிருந்து."

பிறகு பேசினார். நிதானமாக, எனக்குப் புரியும் சின்னச் சின்ன வாக்கியங்களில். மூன்று மணி நேரம் தன்னால் முடியாது. அதைச் சொன்னால் கல்யாணத்தைப் பின்லாந்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயம். அங்கே எல்லாரும் நேரத்துக்கு வந்து, காபி குடித்து, நேரத்துக்குப் போய்விடுவார்கள். தன் மகனுக்காக ஒரு கூட்டம் சத்தமாகச் சந்தோஷப்படுவதை ஒரு தடவை பார்க்கவேண்டும். "ஒரு மணி நேரம் யக்ஸன்," என்று விரல் நீட்டினார். "காலையில். நாற்காலியில். அது உண்மை."

மல்லிகைக் குவியலுக்குப் பக்கத்திலிருந்தே மகளை அழைத்தேன்.

"மூணு மணி நேரம் முடியாதாம்மா," என்றேன்.

"உண்மையா சொன்னாங்களாப்பா?"

"உண்மையா. ஒரு மணி நேரம் முடியுமாம். கிள்ளான்லதான் வேணுமாம். என்கிட்ட சந்தேகம்னா நீயே கேளு."

ரீத்தாவிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். இரண்டு பேரும் எனக்கு எட்டாத வேகத்தில் பேசினார்கள். கைப்பேசி திரும்பி வந்தபோது மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "தேங்க்ஸ்ப்பா," என்றாள். நான் கடைக்காரரிடம் நான்கு முழம் பூ கேட்டேன். இளநீர் ஆறு ரிங்கிட் வீதம் பன்னிரண்டு, பூவுக்கு எட்டு. முக்காலிக்கும் விசிறிக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மண்டபத்தை அன்று பார்க்கவில்லை. 4.20க்குச் செயலியில் கார் அழைத்தேன். பிரிக்பீல்ட்ஸுக்கு ஐம்பத்தைந்து நிமிடம், நாற்பத்தெட்டு ரிங்கிட். ஓட்டுநர் பூச்சோங்காரர். ரீத்தா உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டார்.

"ஆன்டிக்கு ரொம்ப டயர்டா அங்கிள்?" என்று ரேடியோவைத் தணித்தார் ஓட்டுநர்.

"எனக்கும்தான்," என்றேன். இரண்டாவது தடவை சொல்வது எளிதாகவே இருக்கிறது.

இதேபோலப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிரிக்பீல்ட்ஸைப் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். கோயில் கல்லைக் கால் அதுவரைதான் பொறுக்கும். சாப்பிட உட்காரும்போதே, முதல் கவளத்துக்கு முன்பு, இலை மடிப்பதைச் சொல்லிக்கொடுங்கள். ஒரே நாளில் பிரிக்பீல்ட்ஸும் கிள்ளானும் வேண்டாம். விருந்தாளியிடம் தெம்பிருக்கிறதா என்று கேட்பதால் ஒன்றும் தெரியவராது. முதலில் நீங்கள் உட்காருங்கள், உங்களுக்குத் தெம்பில்லை என்று சொல்லுங்கள், அப்புறம் வருவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பின்னிஷ் படிப்பவர்கள் இந்த வினைச்சொல்லை 'என் யக்ஸ' என்ற வடிவத்திலிருந்து தொடங்குவது நல்லது. என் செயலி குப்பை வாக்கியத்தை முதலில் வைத்ததன் நியாயம் இப்போதுதான் புரிகிறது.

கல்யாணம் ஜூனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில். காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பத்துக்கு முடியும். ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவதாகக் குருக்கள் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாதது என் அக்கா மட்டுமே. "ஒரு மணி நேரத்துல யாருடா கல்யாணம் பண்ணுவாங்க? நாங்க சேலை கட்டவே அவ்வளவு ஆகும்," என்றார். அவருக்கும், நம் உறவுமுறை அனைவருக்கும், மிகுந்த நன்றியோடு இங்கேயே அறிவித்துவிடுகிறேன்: பத்து மணிக்கு மேல் வருகிறவர்களுக்குச் சாப்பாடு உண்டு, கல்யாணம் இருக்காது.