பேர் வாரியாகத் தேடல்

திண்டிவனத்தில் ஒரு பார்சல் கம்பெனிக்கு, ஊழியர்கள் கணினியில் பதியும்போது செய்யும் பிழைகளைக் காட்டும் திரையில் தேடல் வசதி சேர்க்கப் போயிருந்தேன். அதைக் கவனிக்கும் அம்மாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மல்லாட்டை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டே படிப்பார். யார் தப்பு செய்தாலும் மேனேஜர் அவரைத்தான் திட்டுவார்.

"தேதி வாரியா, கிளை வாரியா தேடலாம்ங்க. வேற என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"யாரு பண்ண தப்புன்னு பேர் வாரியா காட்டுமா தம்பி?"

சேர்த்துக் கொடுத்தேன். முதல் பக்கம் முழுக்க மேனேஜர் பெயர்தான். மறுநாளே அந்தப் பேர் வாரித் தேடலை மட்டும் நீக்கச் சொல்லி மேனேஜரிடமிருந்து உத்தரவு வந்தது.

தயங்கித் தயங்கி அம்மாளிடம் சொன்னேன்.

"தாராளமா எடுத்துடு தம்பி. நேத்தே பிரிண்ட் எடுத்துக்கினு போயி, விழுப்புரம் ஹெட் ஆபீசுல குடுத்துட்டு வந்துட்டேன்."

என் வேலையை அவ்வளவு ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர் இதுவரை வேறு யாருமில்லை.