கோலம் போட்ட காடு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இரண்டு சாக்கு மூட்டைகள் இறங்கின. பின்னாலேயே, தலையெல்லாம் தூசியும் முகமெல்லாம் சிரிப்புமாக எங்க வீட்டுக்காரர் இறங்கினார்.

"ஒரு காட்டையே சுத்தம் பண்ணிட்டு வந்திருக்கோம்!" என்றார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரை நன்றாகவே தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தாலும் இவருக்குச் சாப்பாடு இறங்காதாம். ரிட்டயர் ஆன பிறகு அந்தக் கண் வீட்டின் மேல் விழுந்தது. பிறகு தெருவின் மேல். பிறகு இவரைப் போலவே ரிட்டயர் ஆனவர்கள் சேர்ந்து ஒரு சேவைக் குழு ஆரம்பித்துவிட்டார்கள். ஏதாவது ஒரு கோயிலுக்குப் போவது, பெருக்குவது, கழுவுவது, புல் செதுக்குவது. நல்ல காரியம்தானே? நானும் சில தடவை போயிருக்கிறேன். இந்த முறை மூட்டுவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

இந்த முறை போன கோயில், வையம்பட்டி தாண்டி ஒரு சின்னக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. குழுவில் ஒருவருடைய குலதெய்வம். ஓர் அய்யனார், மண் குதிரைகள், சுற்றிலும் காடு. கோயிலே எங்கள் வீட்டுச் சமையலறை அளவுதான். அதைப் பெருக்க எவ்வளவு நேரம் ஆகும்? சட்டென்று முடிந்துவிட்டது. ஆள் மிச்சம், விளக்குமாறு மிச்சம், பாதி ஞாயிற்றுக்கிழமையும் மிச்சம்... அப்படியே காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள்.

போனில் படம் காட்டினார். முதல் படத்தில், மரங்களுக்கு அடியில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு. அடுத்த படத்தில் சருகைக் காணோம். செக்கச் செவேலென்று வெறும் தரை. அதில் வீட்டு வாசல் மாதிரி விளக்குமாற்றுக் கோடுகள். நடுவில் தண்ணீர் தெளித்து, அரிசி மாவில் பெரிதாக ஒரு கோலம்!

"லேடீஸ் போட்டாங்க. கோலம் போட்டப்புறம்தான் இடத்துக்கே ஒரு களை வந்துச்சு" என்றார்.

"கோயில் காட்டுலேர்ந்து ஒரு சுள்ளியக்கூட வெளிய கொண்டு வரக் கூடாதுன்னு சொல்லுவாங்களேங்க?"

"நாங்க எங்க கொண்டு வந்தோம்? அங்கயே குவிச்சுக் கொளுத்திட்டோம். பிளாஸ்டிக்க மட்டும்தான் மூட்டை கட்டிக்கிட்டு வந்தோம்."

சிரித்துவிட்டேன். சாமி காட்டுக் கட்டுப்பாட்டை இத்தனை சாமர்த்தியமாக யாராவது காப்பாற்ற முடியுமா?

அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. மூட்டையை முற்றத்தில் கவிழ்த்து, பழைய பிளாஸ்டிக் வாங்குபவருக்குக் கொடுப்பதற்காகத் தரம் பிரிக்க உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், கற்பூரம் வாங்கிய கவர், நாலைந்து துண்டுக் குழாய்கள். அவற்றுக்கு நடுவே கொத்துக் கொத்தாகச் சின்ன வலைப் பைகள். உள்ளே மக்கிப் போன இலை.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கொசுவலைத் துணி. ஓரத்தில் கத்தரிப்பூ நிற நூலில் தையல்.

அது என் தையல்.

பிலோமினாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நானும் அவளும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். நான் பத்தி எழுதப் போனேன், அவள் திருச்சியிலேயே ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி பேராசிரியை ஆனாள். இந்த வருடம் ஓய்வு பெறுகிறாள். ஊரில் எல்லோரும் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தால் இவள் மட்டும் குனிந்து மண்ணைப் பார்ப்பாள். காட்டு மண் கார்பனை எப்படிச் சேர்த்து வைக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வனத்துறையில் அனுமதி வாங்கி, வையம்பட்டிப் பக்கம் ஒரு காட்டில் பல வருடங்களாக அளந்துகொண்டிருந்தாள். அதற்காக ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடையில் கொசுவலைத் துணி வாங்கிக்கொண்டு, நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"நேரா தைச்சுக் குடுடி. எடை போட்ட இலைய இதுல போட்டுக் காட்டுத் தரையில வெச்சிருவேன். அப்பப்போ ஒண்ண எடுத்து எவ்வளவு மக்கியிருக்குன்னு பார்ப்பேன்."

"மக்கினா என்ன ஆகும்?"

கேட்டதுதான் தாமதம், மடை திறந்த மாதிரி கொட்டினாள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்து இலை செய்கிறது. இலை உதிர்கிறது. பூஞ்சையும் கறையானும் தின்கின்றன. பெரும்பகுதி திரும்பக் காற்றுக்கே போய்விடுகிறது. கொஞ்சம் மட்டும் கீழே இறங்கிக் களிமண் துகளோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டால் நூற்றுக்கணக்கான வருடம் அங்கேயே இருக்குமாம்.

சரி, அந்தக் களிமண் எங்கிருந்து வந்தது? பாறையிலிருந்து. வேர் மூச்சு விடுகிறது. அந்த வாயு மழைத் தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகிறது, கிட்டத்தட்ட நம் சோடா மாதிரி. அது பாறையை மெல்ல மெல்லக் கரைக்கிறது. கரைந்த சத்தை மரம் குடிக்கிறது, இலையாக்கிக் கீழே போடுகிறது, மறுபடியும்... அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பார்க்கத்தான் அவள் மண்ணில் குழாய் புதைத்திருந்தாள்.

"மலைக்கோட்டை ஏன் கல்லாவே நிக்குது தெரியுமா? அது மேல மண்ணும் இல்ல, காடும் இல்ல. கல்லைத் தின்னு மண்ணாக்கறது காடுதான்டி. ஆனா ரொம்ப மெதுவா தின்னும். ஒரு விரக்கடை மண்ணுக்கு எத்தனை தலைமுறையோ!"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே தைத்தேன். எந்தக் காடு என்று கேட்கவில்லை. அவளும் அங்கே போர்டு வைக்கவில்லை. வைத்தால் அதைப் படிக்க வருகிறவர்கள் பையைக் கிளறிப் பார்ப்பார்கள் என்று பயம். கிளறுகிறவர்களுக்குப் பயந்தாளே தவிர, பெருக்குகிறவர்கள் வருவார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

முற்றத்தில் கிடந்த பைகளை எங்க வீட்டுக்காரரிடம் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். மனிதர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது.

"டீச்சரோடதா? நாளைக்கே போய் எல்லாத்தையும் பழையபடி வெச்சுட்டு வந்துடறேன்" என்றார் குழந்தை மாதிரி.

"எதை எங்க வைப்பீங்க? மேல போர்த்த சருகு எங்கங்க?"

பைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக அடுக்கினார்.

பிலோமினாவுக்குப் போன் செய்தது நான்தான். சொல்லி முடித்தேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். கடைசியில், "இலைய என்னடி பண்ணாங்க?" என்றாள்.

பையைப் பற்றிக் கேட்கவில்லை, குழாயைப் பற்றிக் கேட்கவில்லை.

"கொளுத்திட்டாங்க."

"சரி" என்று வைத்துவிட்டாள். அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் மழை கொட்டியது. கோடை மழை. ஊரே குளிர்ந்ததென்று வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் போட்டார்கள். எங்க வீட்டுக்காரர் மட்டும் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று பேரும் ஒரு காரில் போனோம். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோர வாய்க்கால் பாலத்தருகே, "வண்டிய நிறுத்துங்க சார்" என்றாள் பிலோமினா. இறங்கிப் பார்த்தாள். பாலத்தின் வாயில் கறுப்பாக, பொலபொலவென்று ஒரு மேடு. நான் சாக்கடை வண்டல் என்று நினைத்தேன். அவள் ஒரு கை அள்ளி முகர்ந்தாள்.

"இதான் காட்டு மண்ணு" என்றாள். "இதைத்தான் இத்தனை வருஷமா அளந்துக்கிட்டிருந்தேன்."

அதற்கப்புறம் காட்டைப் போய்ப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் போனோம். கோலம் இருந்த இடத்தில் கோலம் இல்லை. சருகு போர்த்தியிருந்தால் மழை அதன் மேல் விழுந்து, சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கும். வெறும் தரையில் நேராக அறைந்திருக்கிறது. சரிவு முழுக்க விரல் விரலாகக் கீறல். மர வேர்கள் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. சாம்பல் மேடுகூட மழையோடு போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. பறவைச் சத்தம்கூட இல்லாத அந்த இடத்தில் அழுவதற்கே கூச்சமாக இருந்தது.

எங்க வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "டீச்சர்... மறுபடியும் இலை விழும் இல்லீங்களா? பழையபடி ஆயிடாதா?"

"விழும் சார். இந்த வருஷமே விழும். மரம் பொழைச்சுக்கும்." குனிந்து ஒரு வேரைத் தொட்டாள். "ஓடிப்போன மண்ணு வர்றதுக்குத்தான் நாளாகும். அதைப் பார்க்க நானும் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரலில் சொன்னாள். எங்க வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வண்டி வரை நடந்து வந்தார்.

எனக்கு ஒன்று புரியவே இல்லை. கிளையில் இருக்கும்வரை இலை, கீழே விழுந்தால் குப்பை... யார் போட்ட சட்டம் இது? அந்தக் காட்டில் சாமி கண்ணைக் குத்தும் என்று எத்தனையோ தலைமுறை ஒரு சுள்ளியைத் தொடவில்லை. அவர்களுக்குக் கார்பனும் தெரியாது, கெமிஸ்ட்ரியும் தெரியாது. வெறும் பயம்தான். நமக்குப் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் நாம் கொண்டுவந்து வைத்திருப்பது ஒரு விளக்குமாறு. அழிக்க வேண்டும் என்று அங்கே போனவர்கள் ஒருவர்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. மரத்தை வெட்ட வருகிறவனைத் தடுக்கலாம். கோலமாவோடு வருகிறவர்களை என்ன சொல்லித் தடுப்பது?

அன்றைக்கே எங்க வீட்டுக்காரர் குழுவின் வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு மெசேஜ் போட்டார். நடந்தது முழுவதையும் எழுதினார். இனிமேல் காட்டுக்குள் சருகைத் தொட வேண்டாம் என்று கெஞ்சினார். தமிழில் டைப் அடிக்கத் தெரியாத மனிதர், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதில்கள் வந்தன. வரிசையாகக் கும்பிடு பொம்மை. ஒருவர் "அருமை சார்" என்றார். ஒருவர் "தங்கள் சேவை தொடரட்டும்" என்றார். மெசேஜை முழுக்கப் படித்தவர் யாராவது இருக்கிறாரா என்று கடைசிவரை தேடினார்.

நேற்று பிலோமினா பேசினாள். ஆராய்ச்சி பாதியில் நின்றதற்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தீ, வெள்ளம், யானை என்றால் யாருக்கும் புரியும். இதை எப்படி எழுதுவது?

"'காடு சுத்தம் செய்யப்பட்டுவிட்டது'ன்னு எழுதட்டுமாடி?" என்று கேட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்க வீட்டுக்காரர் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். குழுவின் புது அறிவிப்பு. போன தடவை கிடைத்த பாராட்டுகளால் உற்சாகம் பெருகி, இந்த முறை இன்னும் பெரிய கோயில் காடாம். கூடவே கோலத்தின் படம். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி:

"அவரவர் விளக்குமாறு கொண்டு வரவும்."