மூழ்கிய கப்பலின் பெயர்

மலாயாவில், மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம். எனக்கு ஏழாவது மாதம். முதல் மகள் காய்ச்சலில் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இதுவும் பெண்ணாகப் பிறந்தால் அவள் பெயரையே வைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டால் அவள் பிறந்ததற்கே அடையாளம் இருக்காது. ஆனால் மல்லுக்கட்டத் தெம்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலாக்கா கடலில் வெள்ளைக்காரன் போர்க்கப்பல் வந்து நிற்கிறது என்று தோட்டத்து லோரியில் எங்களை ஏற்றிப் போனார்கள். ஓட்டியது என் வீட்டுக்காரர்தான். கிளேபாங் கரையில் இறங்கிப் பார்த்தால், தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. இதற்காகவா இடுப்பு ஒடிய வந்தேன் என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முந்தி இதே பேரில வேற கப்பல் இருந்தது. பெரிய சண்டையில மூழ்கிப்போச்சு. நல்லாச் சண்டை பிடிச்ச கப்பலெண்டா, அந்தப் பேரைப் புதுக் கப்பலுக்குத் திரும்ப வைப்பினம். ராசாவும் சம்மதிக்க வேணும். கெட்ட பேர் எடுத்ததெண்டா அப்பிடியே விட்டிடுவினம்."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா புள்ள? நல்ல பேர யாரும் தூக்கிப் போட மாட்டாங்களாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம புள்ள எந்தச் சண்டையில ஜெயிச்சா?"

அவர் கடலையே பார்த்தார். "பதினோரு நாளு காய்ச்சலோட சண்டை போட்டாளே. ஜெயிக்காட்டி அது சண்டை இல்லியா?"

அந்தப் பதினோரு நாளைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான். இந்த மனிதரும் என்னைப் போலவே ஓய்ந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகையாக வந்தது. அடக்கிக்கொண்டு கிராணியிடம் கேட்டேன். "பழைய கப்பல மறந்துற மாட்டாங்களாய்யா?"

"மறக்க விடமாட்டினம், பிள்ளை. பழைய கப்பல் பிடிச்ச சண்டையளின்ர பேரையெல்லாம் பலகையில வெட்டி, புதுக் கப்பலில வைச்சிருப்பினம்."

திரும்பும் வழியெல்லாம் லோரி தூக்கித் தூக்கிப் போட்டது. நான் அந்தப் பலகையையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பெண்தான் பிறந்தாள். முப்பதாம் நாள் பெயர் வைத்தோம். காதில் பெயர் சொல்ல வேண்டிய அத்தைக்காரி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. மறுநாளிலிருந்து மறுபடியும் பால் வெட்டப் போக வேண்டும். உட்காரவே முடியாத அலுப்பு. குழந்தையை மடியில் போட்டு மூன்று தரம் பெயரைச் சொன்னேன். அதோடு முடிந்தது என்று எல்லாரும் எழுந்தார்கள்.

நான் மறுபடி குனிந்தேன். "ஒங்க அக்கா பேருடி இது. பதினோரு நாளு சண்டை போட்டா."